வழிகாட்டி அக்காவைக் கேளுங்கள்: கொழும்பில் பழைய கட்டடம் பார்ப்பது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொழும்பைப் பற்றியவை. பள்ளிக்கூட விடுமுறை நெருங்குகிறது என்று விளங்குகிறது. சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தைச் சுருக்கவில்லை.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை: விசா அலுவலாகக் குடும்பத்தோடு கொழும்புக்கு வருகிறோம். கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கல். தூதரகத்தில் எங்கள் நேரம் பிற்பகல் இரண்டு மணி. காலை முழுக்கச் சும்மா இருக்கும். இரண்டு பிள்ளைகள், 70 வயது மாமியார். என்னுடைய அவர் ஏழு இடம் எழுதி வைத்திருக்கிறார். எதை விடலாம்?

ஐந்தை விடலாம், தங்கச்சி. பட்டியலில் தாமரைக் கோபுரமும் இருக்கிறது, பின்னவல யானையும் இருக்கிறது. ஒரே காலையில் இரண்டையும் பார்க்க ஹெலிகொப்டர்தான் பிடிக்க வேண்டும்.

நீங்கள் தங்குவதே கொட்டாஞ்சேனை. பிறகு வாகனம் எதற்கு? ஏழு மணிக்குப் பிளேன்டீயைக் குடித்துவிட்டு நடந்தே வெளிக்கிடுங்கள். முதலில் கொச்சிக்கடைச் சிவன் கோயில், பொன்னம்பலவாணேசுவரம். பொன்னம்பல முதலியார் 1857 வாக்கில் கட்டிய கோயில் அது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை அதை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். கோயிலுக்குக் கும்பிடத்தானே போகிறோம், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று மாமியார் கேட்பார். அவர் ஆறுதலாகக் கும்பிட்டு முடிக்கட்டும். நீங்கள் பிள்ளைகளை ஒரு தூணடிக்குக் கூட்டிப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் உயரம் வரை எண்ணெயும் கையும் முதுகும் பட்டுக் கல் வழுவழுவென்று கறுத்திருக்கும். அதற்கு மேலே உளி கொத்திய கொத்து இன்னும் விரலில் தட்டுப்படும். நூறு வருடத்துக்கு மேலான ஆட்களின் உயரத்தை அந்தக் கோட்டில் அளந்துவிடலாம். வெளியே வெயில் ஏறினாலும் உள்ளே உள்ளங்கால் குளிரும். உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், அதுதான் முதலில் அங்கே போகச் சொல்கிறேன்.

அடுத்தது வுல்வெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் திறந்தது. சுவர் ஏறத்தாழ ஐந்து அடி மொத்தம். ஜன்னல் கட்டில் ஒரு பிள்ளையைத் தாராளமாக உட்கார்த்தி வைக்கலாம். தரையைப் பார்த்து நடவுங்கள், பதித்திருப்பதில் நிறையக் கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயத்திலிருந்து 1813இல் பெயர்த்துக்கொண்டு வந்தவையும் அதில் உண்டு. ஆளுநர்கள் கிடக்கிறார்கள், பிரசவத்தில் செத்த பெண்கள் கிடக்கிறார்கள், வயது நிரம்பாத பிள்ளைகள் கிடக்கிறார்கள். உங்கள் மூத்தவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் வயதுகளைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்; கோடிப் பணம் புரண்ட ஒல்லாந்தரின் வியாபாரக் கொம்பனியின் ஆட்கள் எவ்வளவு இளவயதில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவனே சொல்வான். கதவு பூட்டியிருந்தால் காவலாளியைத் தேடிப் பிடித்து மரியாதையாகக் கேளுங்கள், திறந்து விடுவார்கள். திரும்பும்போது உண்டியலில் ஏதாவது போடுங்கள். அந்தக் கூரையைப் பராமரிப்பது லேசான காரியமில்லை.

அத்தோடு மாமியாரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். உங்களுடைய அவருக்கு இன்னும் கால் துடித்தால் செட்டியார் தெருவுக்குள்ளால் இறங்கிப் புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள். 1873இல் கட்டியது. மேல்மாடியில் பெரிய மேசையைச் சுற்றி மாநகர சபைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஆள் அளவு பொம்மைகள். இலங்கையில் சத்தம் சண்டையில்லாமல் நடக்கிற ஒரே சபைக் கூட்டம் அதுதான். பிள்ளைகளுக்கு நல்ல முசுப்பாத்தி.

திருகோணமலையிலிருந்து ஒருவர்: நீங்கள் எழுதுவதெல்லாம் வெள்ளைக்காரனும் ஒல்லாந்தனும் கட்டிய கட்டடங்களைப் பற்றித்தான். நம்மை அடக்கி ஆண்டவன் கட்டியதை நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?

ஐயா, ஒரு கட்டடத்தில் காசு யாருடையது, கை யாருடையது என்று இரண்டு கேள்வி இருக்கிறது. நீங்கள் முதலாவதைக் கேட்டுவிட்டு நிற்கிறீர்கள்.

கறுவாத்தோட்டத்தில் தேசிய நூதனசாலை இருக்கிறதே, அந்த வெள்ளைக் கட்டடம். 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தது. ஆளுநர் கிரகரியின் சிலை முன்னாலேயே நிற்கிறது. படம் வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற அரச கட்டடக் கலைஞர். ஆனால் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து எழுப்பிக் கொடுத்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். தமிழ் பேசும் கொழும்புச் சோனகர். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவர் வேலைதான். நூதனசாலை திறந்த அன்று உமக்கு என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம். வெள்ளிக்கிழமையில் இதைப் பூட்டி வையுங்கள், அது எங்கள் தொழுகை நாள் என்றாராம் மரிக்கார். இது வாய்வழி வந்த கதை. ஆனால் நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமையில் பூட்டியே கிடந்தது என்பது கதையில்லை. காணி கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை, ஒரு நாள் கேட்டார். எனக்கு அந்த மனுசனை நன்றாகப் பிடிக்கும்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பள்ளிவாசலை எடுங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். 1908இல் தொடங்கி அடுத்த வருடமே முடித்துவிட்டார்கள். கட்டியவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. தென்னிந்திய வியாபாரிகள் தங்கள் ஊர்ப் பக்கத்துக் கட்டடங்களின் படங்களைக் கொடுத்து இந்த மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள், அவர் செய்து கொடுத்தார். செங்கல் வரியை நெளிநெளியாகவும் கோடுகோடாகவும் ஓடவிட்டு, குமிழ்களை மாதுளம்பழ வடிவில் வைத்திருக்கிறார். இன்றைக்குக் கொழும்பு என்று எந்த வெளிநாட்டுப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் படம்தான் இருக்கும். தொழுகை நேரம் இல்லாதபோது உள்ளே விடுவார்கள், தலையும் காலும் மறைய உடுத்துப் போக வேண்டும்.

அங்கிருந்து நாலு எட்டில் கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் தங்கள் தகப்பனாரின் நினைவாகக் கட்டியது. கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் ஒரு காலம் கலங்கரை விளக்கமாகவும் இருந்த மணிக்கூட்டுக் கோபுரத்தை வடிவமைத்தது ஆளுநர் வோர்டின் மனைவி. 1857இல் ஒரு பெண்ணின் வரைபடத்தை நம்பிக் கட்டினார்கள், அதையும் யோசித்துப் பாருங்கள்.

கையும் இல்லை, காசும் இல்லை, உடம்பு மட்டும் போன ஆட்களும் உண்டு. பகல் முழுக்கக் கோட்டையில் வேலை வாங்கிவிட்டு ஒல்லாந்தர் இரவில் அடிமைகளைப் பேர வாவிப் பக்கம் கொண்டுபோய் அடைத்தார்கள். இன்றைக்கு நாம் கொம்பனித்தெரு என்று சொல்கிற இடம். வுல்வெண்டால் தரையில் அவர்களுக்குக் கல் கிடையாது. ஆண்டவன் கட்டியது என்று நீங்கள் முகத்தைத் திருப்பினால் இவ்வளவு பேருக்கும் சேர்த்தல்லவா திருப்புகிறீர்கள்?

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகி: கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டைப் பார்க்க ஆசை. ஒருவர் குடியிருந்த வீட்டைப் பார்க்க இவ்வளவு டிக்கெட்டா, வெள்ளவத்தையில் மாமா வீட்டைச் சும்மாவே பார்க்கலாமே என்று கணவர் சிரிக்கிறார். போகலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

போங்கள். கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். சிரித்துக்கொண்டு போகிற ஆண்கள்தான் திரும்பி வந்து வீட்டில் சுவரை இடிக்கலாமா என்று கேட்பார்கள்.

பாவா 1919இல் பிறந்தவர், முதலில் வழக்கறிஞர். 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தேறினார். கொள்ளுப்பிட்டி பகதலே வீதிப் பக்கம் 33ஆம் ஒழுங்கையில் சின்னச் சின்னதாக நாலு வீடு வரிசையாக இருந்தது. 1958இல் மூன்றாவது வீட்டை எடுத்துக் குடியேறினார். பிறகு நாலாவது. பத்து வருடத்துக்குள் மற்ற இரண்டும் கைக்கு வந்தன. வேறு யாராக இருந்தாலும் நாலையும் தரைமட்டமாக்கிப் புதிதாக ஒன்று எழுப்பியிருப்பார்கள். அவர் கிழிந்த துணியைச் சேர்த்துத் தைப்பதுபோல நாலையும் இணைத்தார். முதலாவதை மட்டும் இடித்து மாடிமேல் மாடியாக உயர்த்தினார். அதனால்தான் உள்ளே நடக்கும்போது எந்த வீட்டில் நிற்கிறோம் என்று பிடிபடாது.

வாசலில் வண்டிக்கூடம், அதில் 1934ஆம் ஆண்டு றோல்ஸ் றொய்ஸ். கணவர் அங்கேயே நின்றுவிடுவார். விடாதீர்கள், உள்ளே கூட்டிப் போங்கள். நீளமான வெள்ளை நடை ஒன்று வரும். சுவர் வெள்ளை, தரையும் வெள்ளை. நடையின் நெடுக வெளிச்சம் ஒரே சீராக இராது, கூரை திறந்த இடத்தில் மட்டும் கொட்டும். அந்தக் கடைசியில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, சுற்றிவரத் தூண்கள். தூணை வடிவாகப் பாருங்கள். செட்டிநாட்டுத் தூண்கள். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளை உடைத்து விற்ற காலத்தில் கடல் தாண்டி வந்தவை. ஊரில் கல்யாணத்துக்கு மாவிலை கட்டிய தூண், இங்கே ஒரு ஒழுங்கை வீட்டுக்குள் மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் ஆட்களைக் கூட்டிப் போன காலத்தில் தமிழ் ஆட்கள் வந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதான ஒரு அம்மா, இது எங்கள் வீட்டுத் தூண் மாதிரி இருக்கிறதே என்பார். அதற்குப் பிறகு சுற்றுலா சூடு பிடித்துவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: வெளியே பார்க்கிற ஜன்னல் எவ்வளவு குறைவு என்பது. கொள்ளுப்பிட்டி போன்ற நெருக்கமான இடத்தில் வெளியே பார்க்க என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிதான். அதனால் வீட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன முற்றம் விட்டு அதைப் பார்க்கத் திறந்தார். நாற்சார் வீட்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூரை விஷயமும் அப்படித்தான். பீலி ஓடு அழகு, ஆனால் ஒழுகும். நெளிவுத் தகடு ஒழுகாது, ஆனால் பார்க்கச் சகிக்காது. தகட்டைக் கீழே போட்டு அதன்மேல் பீலி ஓட்டைப் பரப்பினார்கள். இந்த முறை பிறகு நாடு முழுக்கப் பரவியது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. பாவா, பாவா என்று எல்லாரும் சொல்கிறோம். அவர் வரைந்தது விழாமல் நிற்பதற்குக் கணக்குப் போட்டவர் கலாநிதி கே. பூலோகசுந்தரம் என்ற பொறியியலாளர். இருபது வருடத்துக்கு மேல் பாவாவின் தொழில் பங்காளி. வழிகாட்டுகிறவரிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

முன்பதிவு இல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். நேரம் வைத்து, சிறு சிறு கூட்டமாகத்தான் விடுவார்கள். டிக்கெட் கூட என்று பட்டால் பக்கத்தில் அல்பிரட் ஹவுஸ் வீதியில் அவருடைய பழைய அலுவலகம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஒரு டொக்டருக்கு வீடாக வரைந்து, பிறகு தன் அலுவலகமாக எடுத்துக்கொண்டார். இப்போது உணவகம். ஒரு கோப்பித் துணையோடு முற்றம் முற்றமாகப் பார்த்துவிட்டு வரலாம். பேர வாவியில் மிதக்கிற மாதிரி நிற்கும் சீமா மாலகமும் அவர் கைதான், 1976. அதற்குக் காசு கொடுத்தவர்கள் ஒரு முஸ்லிம் தம்பதி, இறந்துபோன தங்கள் மகனின் நினைவாக. பௌத்தத் துறவிகளுக்கான மண்டபம், முஸ்லிம் பணம், தகப்பன் வழியில் முஸ்லிம் பரம்பரையில் வந்த கட்டடக் கலைஞர். அந்தப் பலகையைத் தேடி வாசியுங்கள், நிறையப் பேர் செல்பி எடுத்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு கட்டணமாமே. என்னிடம் அடையாள அட்டை கேட்பார்களா?

கேட்பார்கள். அட்டையைக் கொண்டு போங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நண்பர்களோடு இங்கிலீஷில் கதைத்துக்கொண்டு போனால் கட்டாயம் கேட்பார்கள்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: நூதனசாலைக்கு வகுப்பாகப் போகிறோம். இரண்டு மணித்தியாலம்தான் தந்திருக்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது?

பிள்ளை, வாசலிலிருந்து ஒழுங்காக ஒவ்வொரு கூடமாகப் போனால் இரண்டு மணித்தியாலமும் மட்பாண்டத்திலேயே முடிந்துவிடும். மூன்று பொருளைத் தேடிப் போ, மற்றதெல்லாம் வழியில் தானாகக் கண்ணில் படும்.

முதலாவது, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேவேந்திரமுனையில் இருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை. பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். யாரையும் கோபப்படுத்தாமல் வியாபாரம் செய்ய வந்த மனுசன். 1911இல் இந்தக் கல்லைக் கண்டுபிடித்தபோது அது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. முதலில் கல்லின் பக்கவாட்டில் நின்று பார். நேரே நின்றால் எழுத்து தெரியாது, சரிந்த வெளிச்சத்தில்தான் எழும்பி வரும். தமிழ் எழுத்தை உங்களில் யார் கூடுதலாக வாசிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள்.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவ தேவாலயங்களின் அகழ்வில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நீ காரைக்கால் அம்மையாரைத் தேடு. வற்றிய மார்பு, எண்ணலாம்போல விலா எலும்பு, கையில் தாளம். பெண் தெய்வமென்றால் இடை, மார்பு, அணிகலன் என்று வார்க்கிற அதே சிற்ப மரபு, ஒரு கிழவியின் எலும்பையும் இவ்வளவு மரியாதையோடு வார்த்திருக்கிறது. வகுப்பில் பெடியன்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அவளுக்கு அது பழக்கம்.

மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப் போய், 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாக அதில் அரசனாக உட்கார்ந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறப்பில் கண்ணுசாமி. வான் றீ குடியிருந்த வீடு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இன்றும் இருக்கிறது, 1982 முதல் அதுவே ஒல்லாந்தர் கால நூதனசாலை. வளைவு வளைவான முன்தாழ்வாரம், உள்ளே முற்றம், கிணறு. திருத்த வேலைக்காக அடிக்கடி மூடுவார்கள், போன் அடித்துக் கேட்டுவிட்டுப் போங்கள். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் எந்த நூதனசாலைக்கும் கேட்காமல் போகவே கூடாது.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு கவிஞர்: பாப்லோ நெருதா எங்கள் வெள்ளவத்தையில்தான் வாழ்ந்தார். அந்த வீட்டை நினைவில்லமாக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

வாழ்ந்தார், உண்மை. 1929இல் சிலி நாட்டின் கொன்சலாக வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கடற்கரையோரம் தனி வீடு, தனிமை, கவிதை. எல்லாம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே நினைவுக் குறிப்பில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். காலையில் கழிப்பறை வாளியை எடுத்துப் போக வந்த தமிழ்ப் பெண்ணை, அவள் ஒரு சொல்லும் பேசாமல் கண்ணைத் திறந்தபடி கல்லாகக் கிடக்க, வலிந்து கொண்டதை. அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. நினைவில்லம் கட்டினால் பின்வாசலில் அவளுக்கும் ஒரு பலகை வைப்பீர்களா? வைப்பீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கலைஞர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கத்தான் ஆசை என்றால் பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் என்ற ஓவியரின் வீடு இருக்கிறது, இன்று சபுமல் மன்றம். 43 குழு ஓவியர்களின் படங்கள் சுவர் கொள்ளாமல் தொங்குகின்றன. கண்ணாடிப் பெட்டி, கயிறு கட்டித் தடுப்பது என்ற சடங்கெல்லாம் இல்லாமல் ஒருவருடைய விறாந்தையில் நிற்கிற மாதிரியே பார்க்கலாம். அந்தக் குழு 1943இல் கூடியது புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் வீட்டில். நெருதாவைக் கொழும்பில் விளங்கிக்கொண்ட சிலரில் வென்டும் ஒருவர். அவர் 1944இல் இறந்துபோக, அந்த வீட்டு வளவில்தான் 1953இல் அரங்கு வந்தது. நீங்கள் நாடகம் பார்க்கப் போகிற லயனல் வென்ட் அரங்கு.

நீர்கொழும்பிலிருந்து ஒரு வாசகி: உள்ளே போட்டோ எடுக்கலாமா, கூடாதா? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றுதான். கேட்டுவிட்டு எடுங்கள். கோயில் மூலஸ்தானத்தை எடுக்காதீர்கள், தொழுகிறவரின் முகத்தை எடுக்காதீர்கள், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுக்காதீர்கள். புத்தர் சிலையோடு மரியாதையில்லாமல் படம் எடுத்ததுக்காக வெளிநாட்டுக்காரரைப் பொலிஸ் பிடித்த நாடு இது.

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: அப்பா 1938இல் கட்டிய வீடு. சகோதரங்கள் எல்லாரும் வெளிநாட்டில். பில்டருக்குக் கொடுத்து எட்டு மாடி எழுப்புவதாக முடிவாகிவிட்டது. நான் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் மனம் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

ஐயா, தடுக்கச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. ஐந்து பங்காளிகள் இருக்கிற காணியில் ஏக்கத்துக்குப் பங்கு கிடையாது.

ஆனால் எனா டி சில்வாவின் வீட்டுக்கு நடந்ததை அறிந்துகொள்ளுங்கள். துணியில் மெழுகும் சாயமும் வைத்து வரைகிற ‘பத்திக்’ வேலைக் கலைஞர் அவர். அவருக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் அல்பிரட் பிளேசில் கட்டிய வீடு. நடுவில் பெரிய முற்றம், சுற்றிவர அறைகள். காணி கைமாறியது. 2009இல் அந்த வீட்டை இடிக்கவில்லை, பிரித்தார்கள். கதவு, தூண், கல், ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு அடுக்கி, பெந்தோட்டைப் பக்கத்தில் பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் கொண்டுபோய் வருடக்கணக்காக மினக்கெட்டுத் திரும்பக் கட்டினார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்த வேலையின் முதல் பகுதியைச் செய்யக் காசு தேவையில்லை, அளப்பது.

ஒரு அளவு நாடா, ஒரு கட்டம் போட்ட கொப்பி. அறை அறையாக நீளம், அகலம், சுவரின் மொத்தம், கதவு உயரம். ஜன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட மரச் சட்டம் ஒவ்வொன்றையும் நேரே நின்று, பக்கத்தில் நாடாவை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள். சிவப்புச் சீமெந்துத் தரை, குசினியில் புகைபோக்கி, கிணற்றடிக் கல், வாசல் படியில் கால் தேய்ந்த பள்ளம், எல்லாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக் கலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், பழைய வீட்டை அளந்து வரைய மாணவர்களுக்கு இடம் தேவைப்படும். பில்டரோடு எழுதுகிற உடன்படிக்கையில் கதவு, ஜன்னல், மரம், ஓடு உங்களுக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் முதல் வாரமே அதெல்லாம் பழைய மரக்கடையில் நிற்கும். அந்தக் காலத்துத் தேக்கின் விலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கட்டிய மேசன் யார், தச்சர் எந்த ஊர் என்று அப்பா எப்போதாவது சொல்லியிருந்தால் வரைபடத்தின் மூலையில் அதையும் எழுதிவிடுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு தம்பதி: அக்டோபர் கடைசியில்தான் விடுப்பு கிடைத்திருக்கிறது. மழை என்கிறார்கள். வரலாமா, தள்ளிப் போடலாமா?

வாருங்கள். அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு கட்டிப் பொழியும். கோட்டை, புறக்கோட்டை நடையைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலை முற்றம் வைத்த வீடுகளுக்கு ஒதுக்குங்கள். மழை பெய்யும்போதுதான் அந்த வீடுகளை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று விளங்கும். மழை கடுமையாக இறங்கிவிட்டால் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் ஏறி, மேல்மாடி ஜன்னலோரம் ஒரு தேத்தண்ணியோடு கப்பலைப் பாருங்கள். 1875இல் திறந்த ஹோட்டல், 1890இல் ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செகோவ் தங்கிய இடம். குடை புறக்கோட்டையில் வாங்கலாம், சென்னையிலிருந்து சுமக்க வேண்டாம். கயிறு கட்டுகிற சப்பாத்து மட்டும் வேண்டாம். கோயில், பள்ளி, விகாரை என்று ஒரு நாளில் ஆறு தரம் கழற்றி ஆறு தரம் போட வேண்டி வரும்.